மரணத்தை எதிர்பார்த்து ஃப்ளாரன்ஸ் போன டாக்டர்... இன்சுலினோடு வாழ்ந்தது 45 ஆண்டுகள்! யார் இந்த ஆர்.டி.லாரன்ஸ்?

கையில் ஒட்டிய சின்ன சென்சார், இடுப்பில் இன்சுலின் பம்ப், போனில் ஓடும் கிராஃப். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள ஒருவர் இன்று சாப்பிட உட்காரும் முன் போனை எடுத்துப் பார்த்தால் போதும். சுகர் எவ்வளவு, ஏறுகிறதா, இறங்குகிறதா எல்லாம் தெரிந்துவிடும். தட்டில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று கணக்குப் போட்டு பட்டனை அழுத்தினால், தேவையான இன்சுலின் உடம்புக்குள் போய்விடும்.

இதில் ஒரு கருவிகூட இல்லாத காலத்தில், இதே கணக்கை ஒருவர் கையால் போட்டார். தனக்காக மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்காகவும் போட்டார். அவர் பெயர் ராபர்ட் டேனியல் லாரன்ஸ். நண்பர்களுக்கு ராபின். லண்டனில் சர்க்கரை நோய் டாக்டர். அவரே டைப் 1 நோயாளி.

கண்ணில் தெறித்த எலும்புச் சில்லு

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 1892-ல் பிறந்தவர் லாரன்ஸ். முதலில் படித்தது இலக்கியம். பிறகு உறவினரின் துணி வியாபாரத்தில் சேர்ந்தார். சில வாரங்கள்கூட ஒத்துவரவில்லை. மறுபடி அபர்டீன் திரும்பி மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். படிப்பில் கெட்டி, ஹாக்கியிலும் டென்னிஸிலும் பல்கலைக்கழக வீரர். 1916-ல் டாக்டராகி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பணியாற்றினார். அங்கே கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்ததால் 1919-ல் ஊருக்கு அனுப்பப்பட்டார்.

அடுத்து லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை. காது, மூக்கு, தொண்டை அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் செய்யும் ஆபரேஷனை ஒரு சடலத்தில் உளி வைத்துப் பழகிக்கொண்டிருந்தபோது, எலும்புச் சில்லு ஒன்று தெறித்து அவர் கண்ணில் விழுந்தது. கண்ணில் கிருமித் தொற்று பரவியது. அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது.

சிகிச்சைக்காகப் படுத்திருந்தபோதுதான் இன்னொரு செய்தி தெரிந்தது. அவருக்குச் சர்க்கரை நோய். வயது முப்பதைத் தொடவில்லை. அறுவை சிகிச்சைக் கனவு அதோடு முடிந்தது.

பட்டினிதான் வைத்தியம்

டைப் 1 என்பது என்ன? நாம் சாப்பிடும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை செல்களுக்குள் கொண்டுசேர்க்க இன்சுலின் வேண்டும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுவதுதான் டைப் 1. ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழியும், ஆனால் செல்களுக்குப் பட்டினி. உடம்பு கொழுப்பையும் தசையையும் எரிக்க ஆரம்பிக்கும். ரத்தத்தில் அமிலம் சேர்ந்து மயக்கம் வரும், கடைசியில் உயிர் போகும்.

லாரன்ஸுக்கு நோய் வந்த 1920 வாக்கில் டைப் 1, டைப் 2 என்ற பிரிவெல்லாம் கிடையாது. டாக்டர்களிடம் இருந்த ஒரே வழி சாப்பாட்டைக் குறைப்பது. அமெரிக்க டாக்டர் ஃப்ரெடரிக் ஆலன் பிரபலமாக்கிய கடும் பத்தியம் அது. மாவுச்சத்தை அறவே குறைத்து, மொத்தச் சாப்பாட்டையும் சுருக்கினால் சிலருக்குக் கொஞ்ச காலம் கூடுதலாகக் கிடைக்கும். நோய் கொல்வதற்கு முன் பசி கொன்றவர்களும் உண்டு.

டாக்டர் என்பதால் தன் கதை எங்கே முடியும் என்று லாரன்ஸுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்கு மாறினார். உயிர் வேதியியல் நிபுணர் ஹாரிசனின் கீழ் பணியாற்றி, தன் மேற்படிப்பு ஆய்வையும் முடித்தார். அதன்பின் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குக் கிளம்பினார். அங்கே இருந்த ஆங்கிலேயர்களுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். குடும்பத்தின் கண் முன்னால் சாக வேண்டாம் என்பது இன்னொரு காரணம்.

ஃப்ளாரன்ஸுக்கு வந்த தந்தி

இதே சமயத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், கனடாவின் டொரண்டோவில், பான்டிங்கும் பெஸ்ட்டும் 1921-ல் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்திருந்தார்கள். மக்லாய்டின் ஆய்வகத்தில் நடந்த வேலை அது. கோலிப் அதைச் சுத்திகரித்துக் கொடுக்க, 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. சுகர் இறங்கியது. சிறுவன் பிழைத்தான். இன்சுலின் பிறந்த கதை இதுதான்.

ஆனால் மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கும், அது கைக்கு வந்துசேர்வதற்கும் நடுவே காலம் ஓடும் அல்லவா? அந்த இடைவெளியில் லாரன்ஸ் கரைந்துகொண்டிருந்தார். 1922-23 குளிர்காலத்தில் வந்த மார்புச்சளி நோயை முற்ற வைத்தது. உடம்பு மெலிந்து, நரம்புகளும் பாதிக்கப்பட்டன.

1923 மே மாதம் லண்டனிலிருந்து ஹாரிசனின் தந்தி வந்தது. இன்சுலின் கிடைத்துவிட்டது, அது வேலை செய்கிறது, உடனே கிளம்பி வரவும் என்பதுதான் அதன் சாரம். எழுந்து நடப்பதே பெரும்பாடு என்ற நிலையிலும் லாரன்ஸ் கிளம்பினார். ஐரோப்பாவைக் கடந்து மே 28-ம் தேதி கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தார். மே 31-ம் தேதி முதல் ஊசி.

ஊசி கிடைத்தது... பிறகு?

படமாக இருந்தால் இங்கே சுபம் போட்டுவிடுவார்கள். டைப் 1-ல் கஷ்டமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்சுலின் நோயைக் குணப்படுத்தாது. குறைந்தால் சுகர் எகிறும். கூடினால் சுகர் சடசடவென இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பாதையில் ஒவ்வொரு வேளையும் நடந்தாக வேண்டும்.

அன்றைக்குக் கையில் இருந்தவை என்ன? கண்ணாடி சிரிஞ்ச். ஒவ்வொரு முறையும் கொதிக்க வைக்க வேண்டும், ஊசி மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். வீட்டில் ரத்தத்தில் சுகர் பார்க்க வழி இல்லை, சிறுநீரில்தான் பார்க்க முடியும். நீல நிற ரசாயனத்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்கினால், நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாற மாற சர்க்கரை கூடுதல். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். லோ சுகர் ஆகப் போகிறதா என்று அது சொல்லாது.

தினமும் டாக்டர் பக்கத்தில் நின்று இந்தக் கணக்கைப் போட முடியாது என்பது லாரன்ஸுக்குச் சொந்த உடம்பிலேயே புரிந்தது. சாப்பிடுவது நோயாளி, ஊசி போடுவது நோயாளி, ராத்திரி வியர்த்து எழுவதும் நோயாளி. அப்படியென்றால் முடிவெடுக்கத் தெரிய வேண்டியதும் நோயாளிதான். அவர் வாழ்நாள் வேலை முழுக்க இந்த ஒரு புரிதலின் மேல் கட்டியது.

கறுப்பும் சிவப்பும்

கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையிலேயே வேலைக்குச் சேர்ந்த அவர், 1925-ல் ‘தி டயபெட்டிக் லைஃப்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். டாக்டர், நோயாளி இருவரும் ஒரே புத்தகத்தைப் படிக்கலாம் என்று எழுதியது. பல பதிப்புகள் கண்டு, பல மொழிகளுக்கும் போனது.

உணவுக் கணக்குக்கு அவர் கொடுத்த வழி ரொம்ப எளிமை. மாவுச்சத்து உள்ள உணவுகள் கறுப்புப் பட்டியலில், புரதமும் கொழுப்பும் உள்ளவை சிவப்புப் பட்டியலில். ஒரு கறுப்புப் பங்கு என்றால் 10 கிராம் மாவுச்சத்து. ரொட்டியோ, உருளைக்கிழங்கோ, பழமோ, அளவைப் பார்த்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு எத்தனை பங்கு என்று தெரிந்தால் போதும், தினமும் ஒரே பத்தியத்தைச் சாப்பிட்டுச் சலிக்க வேண்டாம். இன்றைய டைப் 1 நோயாளிகள் ஆப்பில் போடும் கார்ப் கணக்கின் பழைய வடிவம் இது.

விளையாட்டு வீரராக இருந்தவர் அல்லவா, உடற்பயிற்சியையும் விடவில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு உடம்பை வருத்தி வேலை செய்தால், அதே அளவு மருந்து சுகரை இன்னும் அதிகமாக இறக்குகிறது என்பதைச் சோதித்து 1926-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். விளையாடப் போகிறவர் இன்சுலினைக் குறைக்க வேண்டும் அல்லது கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்ற இன்றைய அறிவுரைக்குப் பின்னால் இந்த விஷயம்தான் இருக்கிறது.

1928-ல் திருமணம். மூன்று மகன்கள். சாவதற்காக ஊரைவிட்டுப் போனவரின் வாழ்க்கை இப்படித்தான் மறுபடி தொடங்கியது.

காசு இல்லாதவர்களுக்கு?

லாரன்ஸிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் பிரபல எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ். வயதான காலத்தில் சர்க்கரை நோய் வந்தவர். இருவரும் சேர்ந்து 1934-ல் சர்க்கரை நோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். பணம் இருக்கிறதோ இல்லையோ, தேவைப்படும் எல்லோருக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். நோயாளிகளும் டாக்டர்களும் ஒரே அமைப்பில் சேர்ந்து உட்கார்ந்தது அப்போது புதுசு. அந்தச் சங்கம்தான் இன்றைய ‘டயபெட்டிஸ் யுகே’.

1950-ல் பல நாட்டுச் சங்கங்கள் இணைந்து சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பை உருவாக்கியபோது, அதன் முதல் தலைவரும் லாரன்ஸ்தான்.

அவர் கையால் செய்ததும், இன்று கருவி செய்வதும்

ஓய்வுக்குப் பிறகு பக்கவாதம் தாக்கியது. 1968 ஆகஸ்ட் 27-ல் லண்டனில் காலமானார். வயது 75. முதல் ஊசிக்குப் பிறகு 45 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். இன்றைய கருவிகளில் எதையும் அவர் பயன்படுத்தியதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் அவர் தினமும் சந்தித்த ஒரு பிரச்சினைக்கான பதில்.

வேகமாக வேலை செய்யும் இன்சுலின்: பழைய இன்சுலின் வேலையைத் தொடங்க அரை மணி நேரம் ஆகும், அதனால் சாப்பாட்டுக்கு முன்பே நேரம் பார்த்துப் போட வேண்டும். 1996-ல் சந்தைக்கு வந்த லிஸ்ப்ரோ போன்றவை சுமார் 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், சீக்கிரமே அடங்கிவிடும்.

பம்ப்: நாள் முழுக்கத் துளித்துளியாக இன்சுலின் கொடுக்கும், சாப்பாட்டு நேரத்தில் கூடுதல் டோஸ் தரும். குழாய் அடைத்தாலோ கழன்றாலோ சில மணி நேரத்தில் சுகர் ஏறி ஆபத்தாகும் என்பதால் மாற்று ஊசி கையில் இருந்தாக வேண்டும்.

தொடர் குளுக்கோஸ் மானிட்டர்: தோலுக்கு அடியில் உள்ள திரவத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுகரை அளக்கும். ரத்த அளவை விடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். அதனால் உடம்பு ஒன்று சொல்லி மானிட்டர் வேறு சொன்னால், விரலில் குத்திப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

மானிட்டரும் பம்ப்பும் பேசிக்கொண்டு, இன்சுலினைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு அமெரிக்கா 2016-ல் அனுமதி கொடுத்தது. அதிலும் தட்டில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று சொல்ல வேண்டியது நோயாளிதான்.

கருவிகள் மாறிவிட்டன. சாப்பாட்டை எண்ணுவது, சுகரை அளப்பது, டோஸை முடிவு செய்வது, ஓட்டத்துக்கு ஈடுகட்டுவது என்ற நான்கு வேலைகள் மாறவில்லை. சிறுநீரைச் சூடாக்கி நிறம் பார்த்தே ஒருவர் 45 ஆண்டுகளை ஈட்டினார். அதற்கு முக்கியக் காரணம், தன் நோயைத் தானே படித்துக்கொண்டது. இன்னொரு காரணமும் உண்டு: சரியான நேரத்தில் இன்சுலின் அவர் கைக்கு வந்துசேர்ந்தது. அது எல்லோருக்கும் வந்துசேர வேண்டும் என்றுதான் அவர் சங்கம் வைத்தார்.