நோயாளிகளின் ஆசான் ஜாஸ்லின்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பெனடிக்ட் கரைசலோடு குளுக்கோஸைச் சேர்த்துச் சூடாக்கினால், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இறுதியில் செங்கல் நிறம் பெறும். இச்சோதனையை நாமெல்லாரும் செய்திருக்கிறோம். இதையே ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளிகள் தம் வீட்டில், தம் சிறுநீரைக் கொண்டு செய்தனர் என்று அறிந்தபோது நான் வியந்தேன். அதனைக் கற்பித்தோருள் தலையாயவர் அமெரிக்க மருத்துவர் எலியட் ஜாஸ்லின். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் இல்லத்திலும் அந்நோய் குடிபுகுந்திருந்தமையால், அவர் வரலாற்றை விரும்பிப் படித்தேன்.

ஜாஸ்லின் 1869ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் பயின்று 1895இல் பட்டம் பெற்று, பாஸ்டன் நகரில் தொழில் தொடங்கினார். தம்மை நாடி வந்த ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் விவரத்தையும் பேரேட்டில் எழுதி வைத்தார். அப்பேரேட்டில் அவரைப் பெற்ற தாயும் ஒரு நோயாளி!

இன்சுலின் தோன்றாத அந்நாளில் உணவைக் குறைப்பதொன்றே வழி. நோயுற்ற குழந்தைகள் சில ஆண்டுகளுக்குள் மடிந்தனர். நாள்தோறும் மூன்று வேளையும் உண்பவர் நோயாளியே. எப்போதோ வந்து பார்ப்பவர் மருத்துவர். ஆகவே அறிவு நோயாளியின் கையில் இருக்க வேண்டுமெனத் துணிந்த ஜாஸ்லின், 1918இல் நோயாளிகளும் படிக்கத்தக்க கையேடொன்றை வெளியிட்டார்.

1921இல் கனடாவின் டொரொண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே ஜாஸ்லின் அதனைப் பயன்படுத்தலானார். மருந்து வந்த பின் கல்வியின் தேவை மிகுந்தது. அளவு குறைந்தால் சர்க்கரை ஏறும். மிகுந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, மயக்கம் வரும். எனவே உணவை நிறுக்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், பாதங்களைப் பேணவும் நோயாளிகளுக்குக் கற்பித்தார். செவிலியரும் வீடு தேடிச் சென்று கற்பித்தனர். உணவு, இன்சுலின், உடலுழைப்பு ஆகிய மூன்றையும் ஒரு தேரில் பூட்டிய மூன்று குதிரைகளாக அவர் கண்டார். கடிவாளம் நோயாளியின் கையில்!

இத்துணைக் கட்டுப்பாடு வேண்டியதில்லை என வாதிட்ட மருத்துவர் பலர். ஜாஸ்லின் அசையவில்லை. 1962இல், தம் 92ஆம் வயதில் மறைந்தார். கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காக்கும் என 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரும் ஆய்வு மெய்ப்பித்தது. தம் கொள்கை வென்றதைக் காண அவர் இல்லை.

நம் தமிழகத்தில் டாக்டர் எம். விசுவநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இந்நோய்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையே நிறுவினார்.

என் தந்தையார் மளிகைக் கடைக்காரர். காலணாக் கணக்கையும் எழுதாமல் உறங்காதவர். ஆனால் சர்க்கரை டாக்டரின் கவலை என்றிருந்தார். இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து மட்டும் பத்தியம் காப்பார். ஜாஸ்லின் கதையைச் சொல்லி, விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் சிறு கருவியொன்றை வாங்கிக் கொடுத்தேன். இன்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் வேறொரு கணக்கும் ஏறுகிறது: ஆறு இட்டிலி உண்ட நாள், நான்கு உண்ட நாள், கடற்கரை வரை நடந்த நாள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டே இப்போது டாக்டரிடம் செல்கிறார்.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிய வள்ளுவர், மருத்துவனுக்கும் முன்னே நோயுற்றவனை வைத்தார். மாணவ நண்பர்களே! நம் இல்லத்து முதியோருக்கு நாம் ஆசானாகலாமன்றோ?