மளிகைக் கடைக்காரர் மகன் மேகநாத் சாஹா



எரியும் அடுப்பில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுவாலை மஞ்சளாகிறது. செப்புக் கம்பியைக் காட்டினால் பச்சையாகிறது. தீபாவளி மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம் உப்பினால் வருவது. அணுவினுள் எலெக்ட்ரான்கள் ஏணிப்படிகள் போன்ற நிலைகளில் நிற்கின்றன. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது அந்த இடைவெளிக்கு ஏற்ற நிறம் ஒளியாக வெளிப்படும். மூலகத்துக்கு மூலகம் படிகளின் உயரம் வேறு. ஆகவே நிறமும் வேறு. அந்த ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே செலுத்தினால் தனித்தனிக் கோடுகளாக விழும். கைரேகை ஆளுக்கு ஆள் மாறுவதுபோல இக்கோடுகளும் மாறும். இரும்பு உருக்கும் ஆலைகளில் மாதிரித் துண்டின்மீது மின்பொறி பாய்ச்சி, அந்த ஒளியைக் கொண்டு மாங்கனீசு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று கணக்கிடுவது இதனாலேதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் சிலர் இதை அறிந்திருப்பர்.

இதே முறையில் வானத்தையும் ஆராயலாம். நம் புதுவாயல் வழியே கல்கத்தாவுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் வடக்கே போனால் குண்டூர் வருகிறது. 1868 ஆகஸ்டு 18-ல் அங்கே முழுச் சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் ஆராய்ந்தார். அவ்வாண்டில் சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறிந்த எந்த மூலகத்துக்கும் பொருந்தவில்லை. அதுவே ஹீலியம். பூமியில் அது அகப்பட்டது 1895-ல்தான். உரோமையில் சேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி ஏறக்குறைய நாலாயிரம் விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து வகைப்படுத்தினார். ஆனால் விண்மீனுக்கு விண்மீன் கோடுகள் ஏன் மாறுகின்றன என்பது புதிராகவே நின்றது. அப்புதிரை அவிழ்த்தவர் நம் நாட்டவர்.

மேகநாத் சாஹா 1893 அக்டோபர் 6-ல் டாக்காவுக்கு அருகே சியோராதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜகந்நாத் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். ஆரம்பப் பள்ளி முடிந்ததும் பையன் கடையில் உட்கார வேண்டும் என்பதே வீட்டின் எண்ணம். மூத்த அண்ணன் ஜயநாத் அதற்கு இசையவில்லை. அவர் அலைந்து, தொலைவிலிருந்த சிமுலியா ஊரில் அனந்தகுமார் தாஸ் என்னும் வைத்தியரைக் கண்டுபிடித்தார். அவ்வீட்டில் பசுவைக் கவனித்துக் கொண்டு, தன் தட்டைத் தானே கழுவிக் கொண்டு, மேகநாத் படித்தார். பின்னர் அவர் டாக்காவில் படித்தபோது, சணல் ஆலையில் வேலை பார்த்த ஜயநாத் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து மாதம் ஐந்து ரூபாய் அனுப்பி வந்தார்.

1905-ல் வங்காளம் பிரிக்கப்பட்டது. அக்கொந்தளிப்பில், பள்ளிக்கு வந்த கவர்னரைப் புறக்கணித்த மாணவருள் சாஹாவும் ஒருவர். பள்ளியும் போயிற்று, உபகாரச் சம்பளமும் போயிற்று. வேறொரு பள்ளி அவரைச் சேர்த்துக் கொண்டது. பாப்டிஸ்ட் மிஷன் நடத்திய வேதாகமத் தேர்வில் முதலாவதாகத் தேறி நூறு ரூபாய் பரிசும் பெற்றார். 1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். விடுதியில் சாதியின் பெயரால் சக மாணவர் சிலர் அவரோடு உண்ண மறுத்தனர். அவர் படிப்பை விடவில்லை.

1920-ல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் உலகை அவர் பக்கம் திருப்பின. மிகுந்த வெப்பத்தில் அணு தன் எலெக்ட்ரானை இழக்கிறது. இழந்தபின் அதன் கோடுகள் முற்றிலும் வேறாகின்றன. எவ்வளவு வெப்பம், எவ்வளவு அழுத்தம் இருந்தால் எத்தனை அணுக்கள் இவ்வாறு மாறும் என்பதற்கு அவர் சமன்பாடு தந்தார். ருபீடியத்தின் கோடுகள் சூரிய ஒளியில் தென்படாததைக் கண்டு, அது அங்கே இல்லையென்று முடிவு கட்டலாகாது என்றார். அணுக்கள் எலெக்ட்ரான் இழந்து நிற்கின்றன, குளிர்ச்சி கூடிய சூரியப் புள்ளிகளில் தேடினால் அகப்படும் என்றார். அமெரிக்க அறிஞர் ரசல் தேடினார்; அகப்பட்டது. சிசிலியா பெய்ன் என்னும் மாது 1925-ல் இதே சமன்பாட்டைக் கொண்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று காட்டினார்.

சாஹா அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் பேராசிரியராக இருந்தார். 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1952-ல் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டின் பஞ்சாங்கத்தைச் சீர்திருத்திய குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1956 பெப்ரவரி 16-ல் டில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மயங்கி விழுந்து இறந்தார். கடவுள் நம்பிக்கையில் அவர் நம்மோடு ஒத்தவர் அல்லர். ஆயினும் உண்மையைத் தேடிய உழைப்பில் அவரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

பெற்றோரே, பத்தாவது முடித்த பிள்ளையைக் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு அனுப்பிவிட்டால் வீட்டுக் கஷ்டம் தீருமே என்று எண்ணுகிறவர்கள் நம் பங்கில் உண்டு. அக்கஷ்டம் பொய்யன்று. ஆனால் சியோராதலியில் கடைக்குப் போக இருந்த பையனைத் தடுத்து நிறுத்தியது சணல் ஆலைத் தொழிலாளியின் ஐந்து ரூபாய். இன்று வேலையிலிருக்கும் அண்ணன்மார், அக்காமார் இதை நினைக்கட்டும். படிக்க வல்ல தம்பி தங்கைக்காக மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்பார்களாக.