சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்

நொய்யல் நதி பாயும் கொங்கு நாட்டிலே, பருத்தித் தொழிலாற் சிறந்து விளங்கும் கோயம்புத்தூரில், 1892-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17-ஆம் தேதி பிறந்தவர் சண்முகம் செட்டியார். வணிகக் குடியில் தோன்றிய இவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கற்று, பின்னர்ச் சட்டக் கல்லூரியிலும் பயின்று தேறினார். பொருளீட்டுதற்கு வழி பல இருந்தும், இவருள்ளம் பொதுவாழ்வையே நாடிற்று.

1917-ல் கோவை நகரசபையிற் புகுந்த இவர், அதன் உபதலைவருமானார். 1920-ல் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினரானார். சில ஆண்டுகளில் மத்திய சட்டசபைக்குச் சென்று, சுயராஜ்யக் கட்சியாருடன் அமர்ந்தார். கடினமான பொருளாதார விஷயங்களையும் தெளிவுற எடுத்துரைக்கும் ஆற்றல் இவரை விரைவில் உயர்த்தியது. 1932-ல் ஒட்டாவா நகரிற் கூடிய சாம்ராஜ்யப் பொருளாதார மகாநாட்டிற்கு இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராய்ச் சென்றார். 1933-ல் மத்திய சட்டசபையின் தலைமைப் பீடமே இவருக்குக் கிடைத்தது.

ஆனால், ஒட்டாவா உடன்படிக்கையைத் தேசியவாதிகள் வெறுத்தனர். 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் இவரைத் தோற்கடித்தார். சபைக்குத் தலைவராய் வீற்றிருந்தவர் சபையில் ஓர் இடமும் இன்றி வெளியேறினார். எனினும் இவர் சோர்ந்தாரல்லர். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து, துறைமுக வளர்ச்சிக்கு உழைத்தார். 1938-ல் அரசாங்க இலாகாக்கள் சில, சட்டசபைக்குப் பொறுப்புள்ள மந்திரியிடம் ஒப்புவிக்கப்பட்டதும் இவர் காலத்திலேயே. 1944-ல் அமெரிக்காவில் நிகழ்ந்த பிரெட்டன் உட்ஸ் மகாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் அமர்ந்தார்.

1947-ல் நாடு விடுதலையடைந்தபோது, காங்கிரஸைச் சாராத இவரையே முதல் நிதி மந்திரியாக நேரு தம் மந்திரிசபையிற் சேர்த்துக்கொண்டார். முன்னாள் எதிர்ப்பு மறக்கப்பட்டது, திறமை மதிக்கப்பட்டது. பிரிவினையால் நாடு துயருற்றிருந்த அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் தேதி, சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை இவர் சமர்ப்பித்தார். வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. செலவில் ஏறக்குறையப் பாதி பாதுகாப்பிற்கே சென்றது.

மறு ஆண்டிலே சோதனை வந்தது. வருமானவரி விசாரணைக் கமிஷனுக்குரிய வழக்குகள் சில விலக்கப்பட்டமை பற்றிக் கண்டனம் எழுந்தது. தம் இலாகாவின் செயலுக்குத் தாமே பொறுப்பேற்று, 1948 ஆகஸ்டில் இவர் பதவியைத் துறந்தார். அடைந்த பதவியை விடுவது அடைவதினும் அரிது. ஒருமுறை வாக்காளர் தீர்ப்பிற்கும், மறுமுறை பொறுப்பென்னும் நெறிக்கும் தலைவணங்கியவர் இவர்.

அரசியலுக்கிடையே தமிழையும் இவர் மறந்திலர். தமிழிசை இயக்கத்திற்குத் துணை நின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு உரை கண்டார். 1953-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி இவர் உலக வாழ்வை நீத்தார். பொதுவாழ்வை விழையும் மாணவர், இவர் ஏறிய படிகளோடு இறங்கிய படிகளையும் கருதுவாராக.