கோப்பி மண்டியும் ஒரு பெண்ணின் பெயரும்

பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் எங்கள் கரையோர ஊர்களில் கோப்பி வறுக்கும் வீட்டை முகவரி கேட்காமலே கண்டுபிடிக்கலாம். கொட்டையை இரும்புச் சட்டியில் கருக விடாமல் வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து உரலில் இடித்து அரித்தெடுக்கும் மணம் இரண்டு ஒழுங்கை தாண்டி வரும். பெருநாளுக்கும் இதுதான், மையித்து வீட்டில் இரவு விழித்திருப்பவர்களுக்கும் இதுதான். கொதிநீரில் தூளைப் போட்டுக் கலக்கி, சற்றுப் பொறுத்து, மேலால் தெளித்து ஊற்றுவோம். எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் கடைசி மிடறில் மண்டி பல்லில் படும். அதனால் குவளையின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு விட்டுவிட்டு எழும்பிவிடுவோம். அதை ஒரு குறையென்று யாரும் சொல்வதில்லை. கோப்பி என்றால் அப்படித்தான் இருக்கும்.

அப்படித்தான் இருக்கும் என்பதை ஏற்க மறுத்த ஒரு குடும்பப் பெண் ஜேர்மனியில் இருந்தார். பெயர் மெலிட்டா பென்ட்ஸ். இன்று உலகின் பல வீடுகளில் கடதாசி வடியில் இறங்கும் கோப்பி அவருடைய அடுக்களையில் தொடங்கியது. ஆனால் அவருடைய கதையைக் கோப்பிக்காக மட்டும் சொல்ல வரவில்லை. இரண்டு உலக யுத்தங்களுக்குள் ஒரு வீட்டுத் தொழில் என்ன பாடுபட்டது என்பதும், ஒரு பெண் தன் கைவேலையைத் தன் பெயரில் எழுதி வைத்ததால் என்ன நடந்தது என்பதும் எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

1873 ஜனவரி 31ஆம் திகதி டிரெஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை புத்தக வெளியீட்டாளர். அந்த ஆண்டுகளில் இலங்கை உலகின் பெரிய கோப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள்தான் மலையகத்தின் கோப்பித் தோட்டங்களைச் சுமந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலைகளில் தென்பட்ட துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தோட்டங்களை அழித்து, தேயிலைக்கு இடம்விட்டது. எங்கள் நாட்டுக் கோப்பி வீட்டுமுற்றத்து மரமாகச் சுருங்கிய அதே காலத்தில், ஐரோப்பாவின் நகரங்களில் கோப்பி நடுத்தரக் குடும்பங்களின் அன்றாடப் பானமாகிக்கொண்டிருந்தது.

மெலிட்டா, ஹூகோ பென்ட்ஸ் என்பவரை மணம் முடித்தார். வில்லி, ஹோர்ஸ்ட் என இரண்டு ஆண்பிள்ளைகள். பின்னர் ஹெர்ட்டா என்றொரு மகள். டிரெஸ்டனில் ஒரு மாடிவீட்டுக் குடித்தனம். அவருக்குக் கோப்பி பிடிக்கும், கோப்பி போடும் முறைகள் எதுவும் பிடிக்காது.

அன்று ஜேர்மன் வீடுகளில் இருந்த முறைகளைப் பார்த்தால் எங்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஒன்று, எங்களைப் போலத் தூளின்மேல் கொதிநீர் ஊற்றி மண்டி அடியில் தங்கும்வரை காத்திருப்பது. கரையக் கூடாத கசப்பும் இதில் கரைந்துவிடும். இரண்டாவது, துணிப் பை. தேத்தண்ணிக் கடையில் கம்பி வளையத்தில் தைத்துத் தொங்கும் துணி வடியை நினைத்துக்கொள்ளுங்கள். தெளிவாக வடிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவைக்க வேண்டும், எவ்வளவு கழுவினாலும் நேற்றைய கோப்பியின் எண்ணெய் நூலில் இருக்கும். மூன்றாவது, கொதிக்கும் நீரைக் குழாய் வழியே மேலே ஏற்றித் திரும்பத் திரும்பத் தூளின்மேல் ஊற்றும் பாத்திரம். ஒரு தடவை சாறு இறங்கிய தூளையே மீண்டும் மீண்டும் காய்ச்சுவதால் அது கசக்காமல் வேறு என்ன செய்யும்?

1908இல் மெலிட்டா செய்தது மிகச் சாதாரண வேலை. ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டார். மூத்த மகன் வில்லியின் பாடசாலைக் கொப்பியிலிருந்த மையொற்றுத் தாளை வட்டமாக வெட்டி அடியில் வைத்தார். தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினார். நீர் ஒரே ஒரு தடவை தூளைக் கடந்து இறங்கியது. மண்டி தாளில் நின்றது. குடித்த பின் தாளோடு தூளைத் தூக்கி எறிந்தால் வேலை முடிந்தது. பேனா மையை உறிஞ்ச வைத்திருந்த ஒரு தாள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டின் பித்தளை பில்டரைத் தெரிந்தவர்கள் இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று கேட்கலாம். அதுவும் துளையிட்ட பாத்திரம்தான், நீரும் ஒரே தடவைதான் இறங்கும். ஆனால் அதன் நோக்கம் வேறு. பால் ஊற்றிக் குடிப்பதற்கான கெட்டிச் சாறு அதில் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும், பல வீடுகளில் சிக்கரியும் சேர்ப்பார்கள். மெலிட்டாவுக்கு வேண்டியிருந்தது அப்படியே குடிக்கக்கூடிய தெளிந்த வெறும் கோப்பி. எங்கள் கரையின் வெறுங்கோப்பிக்கு அது கிட்டத்து உறவு.

இப்படியொரு யுக்தியைக் கண்டுபிடித்த பெண்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். மெலிட்டா வேறுபட்டது அடுத்த அடியில். அவர் அதைப் பதிவு செய்யப் போனார். 1908 ஜூன் 20ஆம் திகதி பெர்லினிலிருந்த காப்புரிமை அலுவலகம் அவருடைய கடதாசி வடியைப் பதிந்து பாதுகாப்புக் கொடுத்தது. அந்தக் காலத்தை மறந்துவிட்டு இதை வாசிக்கக் கூடாது. ஜேர்மன் பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. அது கிடைத்தது 1918இல். 1900இல் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டம் மனைவியின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தைப் பொதுவாகக் கணவனுக்கே கொடுத்திருந்தது. அந்த நாட்டில், அந்த ஆண்டில், டிசம்பர் 15ஆம் திகதி டிரெஸ்டனின் வர்த்தகப் பதிவேட்டில் எம். பென்ட்ஸ் என்ற நிறுவனம் ஏறியது. தொடக்க மூலதனம் 73 பெனிக். ஒரு மார்க்குக்கு 100 பெனிக் என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தொழிற்சாலை என்று சொல்ல அவர்களுடைய வீட்டில் ஓர் அறை இருந்தது. பாத்திரத்தைத் தகரவேலை செய்பவரிடம் செய்வித்தார்கள். கணவர் வேலையை விட்டுவிட்டு வந்து கடைகளின் கண்ணாடி முகப்பில் நின்று கோப்பி வடித்துக் காட்டினார். பிள்ளைகள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1909இல் லைப்சிக் வர்த்தகச் சந்தையில் மட்டும் 1,200 வடிகள் விற்றன.

இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கொஞ்சம் அடுக்களைக்குள் போகலாம். அவருடைய முறையில் கோப்பி போட விலை கூடிய சாமான் எதுவும் வேண்டாம். கூம்பு வடிவத் தாளும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கிண்ணமும் போதும். தாளை முதலில் வெந்நீரால் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள், கடதாசி வாடை போய்விடும். ஒரு லீற்றர் நீருக்கு 60 கிராம் தூள் என்பது பொது அளவு. ஒரு குவளைக்கு என்றால் தலைதட்டிய இரண்டு மேசைக்கரண்டி. கேத்தல் கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் விடுங்கள். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி இன்னோர் அரை நிமிடம் பொறுங்கள். தூள் பொங்கி நுரைத்தால் அது புதிதாக வறுத்தது. பொங்காமல் கிடந்தால் கடைக்காரர் நெடுநாள் வைத்திருந்ததை விற்றுவிட்டார் என்று அர்த்தம். பிறகு மெதுவாக வட்டமாக ஊற்றுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட வேண்டும். கசந்தால் தூள் மிக நைசு. புளித்துத் தண்ணீராக இருந்தால் தூள் மிகப் பெருவெட்டு.

எங்கள் மல்லிக் கோப்பித்தூளை அப்படியே இந்தத் தாளில் போட்டால் சரிவராது. நைசாக இடித்த தூள் தாளின் கண்களை அடைத்துவிடும், நீர் இறங்காமல் நிற்கும். கோப்பியைத் தனியே பெருவெட்டாக இடித்துக்கொண்டு, தட்டிய மல்லியையும் சுக்கையும் கேத்தல் நீரிலேயே கொதிக்கவிட்டு, அந்த நீரைத் தூளின்மேல் ஊற்றலாம். தாள் கிடைக்காத ஊரில் கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணி நான்காக மடித்தாலும் ஓரளவுக்கு வேலை செய்யும். அதற்கு மருதமுனைக் கைத்தறித் துண்டைவிட நல்லது எனக்குத் தெரியாது, ஊர்ப்பற்று என்று நினைத்தாலும் பரவாயில்லை. கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் மட்டும் எந்த முறையும் கைகொடுக்காது, குழாய் நீரை எடுங்கள்.

மெலிட்டாவுக்குத் தெரிந்திருக்க முடியாத ஒரு நன்மையும் அந்தத் தாளில் இருந்தது. வடிக்காத கோப்பியில் கஃபெஸ்டோல் என்றொரு எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். கடதாசி அதில் பெரும்பகுதியைப் பிடித்துவைக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு குவளை காய்ச்சிக் குடிக்கும் எங்கள் பெரியவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

1914இல் யுத்தம் வந்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றை வடக்கு கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹூகோ படையில் சேர்க்கப்பட்டு ருமேனியாவுக்கு அனுப்பப்பட்டார். உலோகம் ஆகாயக் கப்பல்கள் செய்யப் போனது. கடதாசி பங்கீட்டுக்கு வந்தது. பிரித்தானியாவின் கடல் முற்றுகையால் கோப்பிக்கொட்டை நாட்டுக்குள் வருவதே நின்றது. வடி செய்ய உலோகமில்லை, தாள் செய்யக் கடதாசியில்லை, வடித்துக் குடிக்கக் கோப்பியுமில்லை. ஜேர்மனியர் வாற்கோதுமையையும் சிக்கரி வேரையும் வறுத்துக் கோப்பி என்று பெயர் வைத்துக் குடித்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் மாற்றுவழி தேடியவர்களுக்கு அந்தக் கோப்பியின் சுவை சொல்லாமலே விளங்கும். கைக்குழந்தை வயதைக் கடந்திருந்த ஹெர்ட்டாவையும் இரண்டு பையன்களையும் வைத்துக்கொண்டு மெலிட்டா அட்டைப் பெட்டிகள் விற்றுக் குடும்பத்தைக் கொண்டுபோனார். நிறுவனத்தை மட்டும் மூடவில்லை.

யுத்தம் முடிந்து கணவர் திரும்பி வந்தார். தொழில் மறுபடி எழும்பியது. போலிகள் பெருகவே, 1925இல் சிவப்பும் பச்சையுமான பொதியைத் தனி அடையாளமாக்கினார்கள். 1928இல் எண்பது பேர் இரண்டு நேரமுறையில் வேலை செய்தும் கேள்விக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. டிரெஸ்டனில் இடம் போதாமல் 1929இல் வெஸ்ட்பாலியாவின் மிண்டன் நகருக்குப் பெயர்ந்தார்கள். 1932இல் நிறுவனத்தின் பெரும்பங்கைப் பிள்ளைகளிடம் கொடுத்த பிறகும், தொழிலாளர் நலனில் மெலிட்டா கையை எடுக்கவில்லை. ஐந்து நாள் வேலை வாரம், ஆண்டு விடுமுறை ஆறு நாளிலிருந்து பதினைந்து நாளாக, நத்தார் கொடுப்பனவு, கஷ்டத்தில் உதவ ஒரு நிதியம் என்று அவர் காலத்து ஏற்பாடுகள் பல. எங்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் நிற்கும் பிள்ளைகள் இந்தப் பட்டியலை வாசித்தால் ஆண்டைச் சரிபார்ப்பார்கள்.

அடுத்தது இருண்ட பகுதி. விளம்பரக் கட்டுரைகள் வழக்கமாக இதைத் தாண்டிப் போய்விடும். நாஜி ஆட்சியில் அந்த நிறுவனம் முன்மாதிரி நிறுவனம் என்ற பட்டத்தைப் பெற்றது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது கோப்பி வடிகளை நிறுத்திவிட்டு யுத்தத்துக்கான பொருட்களைச் செய்தது. பல பத்தாண்டுகள் கழித்து, கட்டாய வேலை வாங்கப்பட்டவர்களுக்கான ஜேர்மன் இழப்பீட்டு நிதிக்குப் பணம் கொடுத்த நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அப்போது பொறுப்பில் இருந்தவர்கள் பிள்ளைகள், தாயல்ல. ஆனாலும் பெயர் தாயுடையது. தொழிலாளியின் விடுமுறையைக் கூட்டிய அதே கூரை, கொடிய ஓர் அரசுக்கும் வேலை செய்தது. யுத்தத்தில் பிழைத்த நிறுவனங்களைப் பாராட்டும்போது எதைச் செய்து பிழைத்தன என்று கேட்க வேண்டியிருப்பதை எங்கள் நாட்டிலும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

1945 பெப்ரவரியில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் அவர் பிறந்த டிரெஸ்டன் எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் இறந்தார்கள். யுத்தம் முடிந்ததும் மிண்டன் தொழிற்சாலையை நேசப் படைகள் தங்கள் நிர்வாகத்துக்காக எடுத்துக்கொண்டன. சொந்தக் கட்டடம் கண்முன்னே நிற்க, நிறுவனம் பழைய படைக் குடில்களிலும் கைவிடப்பட்ட மதுக்கடைகளிலும் வேலை செய்தது. கட்டடம் முழுமையாகத் திரும்பக் கிடைக்க பத்து ஆண்டுகளுக்கு மேலானது. படையினர் இருக்கும் காணியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் எங்களில் குறைவில்லை. ஜேர்மனியில் அது திரும்பக் கிடைத்தது. வடியும் தாளும் 1948இல் மறுபடி உற்பத்திக்கு வந்தன.

எங்கள் கரையில் 1990இலும் அதன் பின்னும் ஆண்களை இழந்த வீடுகள் இரு சமூகத்திலும் இருக்கின்றன. 2004இல் கடல் எடுத்த வீடுகள் அதற்கு மேல். அந்த வீடுகளில் பல, பெண்கள் இடித்து விற்கும் கோப்பித்தூளிலும் மிளகாய்த்தூளிலும் எழும்பி நின்றவை. கூட்டுத் தூளின் பக்குவம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. ஆனால் அது பெயரில்லாத பொலித்தீன் பையில் கடைக்குப் போகிறது, கடைக்காரர் தன் பெயரை ஒட்டி விற்கிறார். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், வர்த்தகக் குறியைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். அதற்கான அலைச்சலும் செலவும் இல்லையென்று நான் சொல்லவில்லை. 73 பெனிக்கோடு போனவருக்கும் அது இருந்திருக்கும்.

மெலிட்டா பென்ட்ஸ் 1950 ஜூன் 29ஆம் திகதி, மிண்டனுக்கு அருகே ஹோல்ஸ்ஹவுசனில் 77 வயதில் காலமானார். தொழிற்சாலைக் கட்டடம் அப்போதும் படையினரிடம்தான் இருந்தது. நிறுவனம் இன்றும் மிண்டனில், அவருடைய குடும்பத்தின் கையில் இயங்குகிறது. பொதியில் அதே சிவப்பும் பச்சையும், அவருடைய முதற்பெயரும் இருக்கின்றன.