வேலை போன வருடம் சாலிம் அலி பார்த்தது



உங்கள் பால்கனிக் கம்பியில் காலையில் வந்து உட்காரும் காகத்தை எப்போதாவது பத்து நிமிடம் விடாமல் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பிடி சோறு வைப்போம். அது கரைந்து மற்ற காகங்களைக் கூப்பிடும். அதற்குள் குக்கர் விசில் அடிக்கும், நாம் உள்ளே போய்விடுவோம். ஒரே மரத்தின் முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன். பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்: சாலிம் அலி.

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பாவையும் மூன்று வயதில் அம்மாவையும் இழந்தார். பிள்ளை இல்லாத தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவர் மனைவியும் அந்தக் குழந்தைகளை வளர்த்தார்கள்.

பறவை மனிதர் என்றதும் சின்ன வயதிலிருந்தே பறவைகள்மேல் உயிராக இருந்தவர் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. மாமா கொடுத்த ஏர்கன்னால் குருவி சுட்டுத் திரிந்த பையன் அவர். வீட்டுக் குதிரை லாயச் சுவரில் ஒரு ஓட்டை. உள்ளே பெண் சிட்டுக்குருவி அடைகாக்க, வெளியே ஆண் காவல் இருந்தது. சாலிம் அந்த ஆணைச் சுட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னோர் ஆண் அதே இடத்தில் வந்து காவலுக்கு உட்கார்ந்தது. அதையும் சுட்டார். ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் குருவிக்கு ஒரு புதுத் துணை கிடைத்தது. படிக்கவே மனசு சங்கடப்படுகிறது இல்லையா? ஆனால் அந்தப் பத்து வயதுப் பையன் சுட்டதோடு நிற்கவில்லை. பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைத்தான். பிற்காலத்தில் அவர் எழுதியதற்கெல்லாம் விதை அந்த நோட்டுத்தான்.

பிறகொரு நாள் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இதைச் சாப்பிடலாமா, ஹலால்தானா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். அவர் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். பையன் அன்றைக்கு அங்கே விழுந்தவர்தான், கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

படிப்பு சரியாக ஏறவில்லை. பர்மாவில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலைக் கவனிக்கப் போனவர் காட்டில் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பி, 1918-ல் தெஹ்மினாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் பெரிய ஆராய்ச்சி வேலை எதுவும் கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை கிடைத்தது. விடுப்பு எடுத்து ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார். 1930-ல் ஆசையோடு திரும்பி வந்தால், நிதி இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வயது முப்பத்து மூன்று. கையில் வேலை இல்லை. நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? தெஹ்மினா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. செலவைக் குறைக்க இருவரும் பம்பாயை விட்டு, கடலோரக் கிராமமான கிஹிமில் இருந்த குடும்ப வீட்டுக்குக் குடிபோனார்கள். அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும் மரம் இருந்தது.

தூக்கணாங்குருவியை நமக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைக்கிறோம். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டை இழந்த குருவி என்று பாட்டி சொன்ன கதை இருக்கிறது. களிமண்ணில் மின்மினிப்பூச்சியை ஒட்டி விளக்கு ஏற்றும் என்ற கதையும் உண்டு. மண் ஒட்டுவது உண்மை. மின்மினி விளக்கு கட்டுக்கதை. முடிக்காமல் தொங்கும் பாதிக் கூடுகள் ஆண் குருவி ஓய்வெடுக்கும் ஊஞ்சல் என்றும் பலர் நம்பியிருந்தார்கள்.

சாலிம் அலி மறைவாக உட்கார்ந்து, நாள் தவறாமல் பார்த்தார். அவர் கண்டுகொண்டது இதுதான். கட்டுவது ஆண். புல்லின் ஓரத்தை அலகால் கீறி, நீள நாராகக் கிழித்துக்கொண்டு பறந்து வரும். அதை முடிச்சுப் போட்டு, கோத்துப் பின்னும். ஒரு கூடு முடிய 500 நடை வரை ஆகலாம். ஆனால் அது முழுக் கூட்டையும் முதலிலேயே கட்டிவிடாது. தலைகீழாகத் தொங்கும் ஹெல்மெட் போன்ற நிலையில் நிறுத்திக்கொள்ளும். பெண் குருவிகள் வந்ததும் அந்தக் குடியிருப்பே பரபரக்கும். எல்லா ஆண்களும் சிறகடித்து, ஒன்றாகக் கத்தி, தன் கூட்டைப் பார்க்கும்படி கூப்பிடும். பெண் ஒவ்வொன்றாக உள்ளே போய்ச் சோதிக்கும். பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் அடுத்த கூடு. சம்மதம் கிடைத்த பிறகுதான் ஆண் முட்டை அறையையும் நீண்ட நுழைவுக் குழாயையும் கட்டி முடிக்கும். பிறகு அது சும்மா இருக்காது. பக்கத்திலேயே அடுத்த பாதிக் கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணைக் கூப்பிடும்.

அஸ்திவாரம் போட்டதும் மாடல் பிளாட் காட்டி, புக்கிங் ஆன பிறகு மிச்சத்தைக் கட்டும் கதை நமக்குப் புதிதா என்ன! ஒரு வித்தியாசம், இங்கே வாங்குபவருக்குப் பிடிக்காவிட்டால் நஷ்டம் முழுக்கக் கட்டியவருக்குத்தான்.

இந்த ஆய்வு 1931-ல் கழகத்தின் இதழில் வெளியாகி அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதன்பின் சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனார். கூடாரத்திலும் மாட்டுவண்டியிலும் தெஹ்மினா கூடவே இருந்தார். 1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துபோனார். சாலிம் அலி உடைந்துபோனார். ஆனாலும் வேலையை விடவில்லை. 1941-ல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வந்தது. டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து 10 தொகுதிகள் கொண்ட பெருநூலை 1968 முதல் 1974 வரை கொண்டுவந்தார். பரத்பூர் பறவைகள் சரணாலயம் நிலைத்ததிலும், அமைதிப் பள்ளத்தாக்கு காப்பாற்றப்பட்டதிலும் அவர் குரலுக்குப் பங்கு உண்டு. 1976-ல் பத்ம விபூஷண். 1987-ல், 90 வயதில் காலமானார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் ஒரு பறவையியல் ஆய்வு மையம் இருக்கிறது. பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போனால் சொல்லிக்காட்டுங்கள்.

எட்டுக் குருவிகளைச் சுட்ட கைதான் பிறகு பறவைகளுக்காக வாழ்நாள் முழுக்க எழுதியது. ஆகவே கவண் வைத்துத் திரியும் பிள்ளையைத் திட்டி அனுப்பாதீர்கள். மில்லார்ட் போல ஓர் அலமாரியைத் திறந்து காட்டுங்கள். இன்றைக்கு அந்த அலமாரி உங்கள் பால்கனிதான். இந்தக் காலாண்டில் ஒரே ஒரு பறவையை, ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். எந்தச் சத்தத்துக்கு எது பறந்து வருகிறது, யாரைப் பார்த்து எப்படிக் கத்துகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். மழைக்கு முன் கிளை வெட்ட ஆள் வரும்போது, கீழே போய் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் அந்தக் கிளையை மட்டும் சில வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு குடும்பம் குடியேறியிருக்கலாம்.