கடைசி இடத்துக்கு வந்த மேனேஜர்

லிவர்பூல் ரசிகர்களே, பில் ஷாங்க்லின்னு சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் வர்றது டி-ஷர்ட்ல போடுற அந்த ஒரு வரிதானே? இந்தக் கட்டுரையில அது வராது. கோப்பைகளும் கடைசியில கொஞ்சம்தான். அவர் ஒரு சின்ன கிளப்பைக் காப்பாத்தின கதையைத்தான் சொல்லப் போறேன்.

காரணம் இருக்கு. நான் கொடைக்கானல்காரன். எங்க ஊர்ல மதியம் மூடுபனி இறங்கிட்டா எதிர்ப்பக்க கோல்போஸ்ட் தெரியாது. எங்க டீமுக்கு ஒரு அண்ணன் இருக்கார். சுண்ணாம்புக் கோடு போடுறது, கிழிஞ்ச வலையைக் கட்டுறது, வத்தலக்குண்டு இறங்க வேன் பிடிக்கிறது எல்லாம் அவர்தான். போன சீசன் பாயிண்ட்ஸ் டேபிள்ல நாங்க கடைசி. இனி என்ன இருக்குன்னு நான் ரெண்டு வாரம் பிராக்டிஸுக்கே போகல. அப்போ ஹாஸ்டல்ல உட்கார்ந்து படிச்சதுதான் ஷாங்க்லியோட வாழ்க்கை.

அவரும் சின்ன ஊர்க்காரர்தான். ஸ்காட்லாந்துல கிளென்பக்னு ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். 1913 செப்டம்பர் 2-ல பிறந்தார். வீட்டுல பத்துப் பிள்ளைங்க. அதுல ஆண்கள் ஐந்து பேர், ஐந்து பேருமே தொழில்முறை கால்பந்து வீரர்கள் ஆனாங்க. ஷாங்க்லி 14 வயசுல பள்ளியை விட்டுட்டு சுரங்கத்துல இறங்கினார். கொஞ்ச வருஷத்துல சுரங்கத்தை மூடிட்டாங்க. வேலை போச்சு.

1932-ல கார்லைல் கிளப், அடுத்த வருஷம் பிரெஸ்டன். 1938-ல எஃப்.ஏ. கோப்பை. அடுத்த வருஷமே உலகப் போர் வந்து, ஆட்டக்காரனோட நல்ல வயசை அப்படியே தின்னுடுச்சு. 1949-ல ஆடுறதை நிறுத்திட்டு கார்லைலுக்கே மேனேஜரா போனார். அங்கிருந்து கிரிம்ஸ்பி. 1954 ஜனவரியில ஒர்க்கிங்டன்.

இங்கதான் நம்ம கதை. ஒர்க்கிங்டன் கடலோரத்துல இருக்கிற இரும்பு, நிலக்கரி ஊர். அந்த கிளப் லீகுக்குள்ள வந்ததே 1951-லதான். ஷாங்க்லி போனப்போ மூன்றாம் டிவிஷன் வடக்குப் பிரிவுல கடைசி இடம். அதுக்குக் கீழே டிவிஷனே கிடையாது. அப்போ கடைசி ரெண்டு இடத்துல முடிக்கிற கிளப்புகள் மத்த கிளப்புகள்கிட்ட போய் ஓட்டுக் கேட்கணும். ஓட்டு விழலைன்னா லீகை விட்டே வெளியே. நம்ம அரியர் மாதிரி அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம்ங்கிற கதை இல்ல.

கிளப் ஆபீஸ்ல மின்சாரம்கூட இல்ல, கேஸ் விளக்குதான். ஆடுகளத்தை ரக்பி டீமோட பங்கு போட்டுக்கணும். அவங்க ஆடி முடிச்சா மைதானம் உழுத வயல் மாதிரி கிடக்கும், அதுல ஷாங்க்லிக்கு ஏக எரிச்சல். மேனேஜர்னு பேர்தானே தவிர, போன் எடுக்கிறது, வந்த தபாலைப் பிரிக்கிறது, பதில் டைப் அடிக்கிறது, பேங்குக்குப் போய் வாரச் சம்பளப் பணத்தை எடுத்துட்டு வர்றது எல்லாம் அவர் தலையிலதான். யோசிச்சுப் பாருங்க, எஃப்.ஏ. கோப்பை ஜெயிச்ச, ஸ்காட்லாந்துக்கு ஆடின மனுஷன். இது என் வேலை இல்லைன்னு ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கல.

சீசன் முடியும்போது ஒர்க்கிங்டன் கடைசி ரெண்டு இடத்துல இல்ல. ஓட்டுக் கேட்க வேண்டிய நிலையே வரல. அடுத்த சீசன் 8-வது இடம்! 1955 நவம்பர்ல அவர் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போயிட்டார். 1959 டிசம்பர்ல லிவர்பூல். அப்போ லிவர்பூலும் இரண்டாம் டிவிஷன்லதான் கிடந்தது. 1962-ல மேலே ஏறினாங்க, 1964-ல லீக் சாம்பியன், 1965-ல அந்த கிளப்போட முதல் எஃப்.ஏ. கோப்பை. 1974-ல ஓய்வு. 1981 செப்டம்பர் 29-ல, 68 வயசுல மாரடைப்புல இறந்தார்.

இப்போ என்னை ரொம்ப உறுத்தின விஷயம். 1977 மே மாசம், அவர் கட்டி எழுப்பின லிவர்பூல் ரோம்ல முதல் முறையா ஐரோப்பியக் கோப்பையைத் தூக்குச்சு. அதே வருஷக் கோடையில ஒர்க்கிங்டனுக்கு ஓட்டு விழல. லீகை விட்டு வெளியே போச்சு. அந்த இடத்துக்கு விம்பிள்டன் வந்தது.

அப்போ அவர் பட்ட பாடு வீண்தானா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா 1958 ஜனவரியைப் பாருங்க. எஃப்.ஏ. கோப்பையில மேட் பஸ்பியோட மான்செஸ்டர் யுனைடெட் ஒர்க்கிங்டனுக்கே வந்து ஆடுச்சு. 21,000 பேர் கூடினாங்க. 3-1-னு தோத்தாங்கதான், ஆனா பாதி ஆட்டம் வரைக்கும் முன்னிலை ஒர்க்கிங்டனுக்கு. அடுத்த மாசமே மியூனிக் விமான விபத்துல அந்த யுனைடெட் டீம்ல எட்டு வீரர்கள் போயிட்டாங்க. 1954-லயே கிளப் கீழே விழுந்திருந்தா, அந்த ஊர்க்காரங்க அவங்களைத் தங்க மண்ணுல பார்த்திருக்க வாய்ப்பு உண்டா?

காப்பாத்தினது என்னைக்கும் நிலைக்கும்னு ஷாங்க்லிக்கும் யாரும் உத்தரவாதம் தரல. அந்த வாரச் சம்பளத்தை அந்த வாரம் பேங்க்ல எடுத்துட்டு வந்தார், அவ்வளவுதான்.

நான் திரும்ப பிராக்டிஸுக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். அண்ணன் ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேட்கல, வலையோட ஒரு முனையை என் கையில கொடுத்தார். மே மாசம் டிகிரி முடிச்சு நான் எந்த ஊருக்குப் போவேன்னு தெரியாது. அதனால செமஸ்டர் லீவுல கொடைக்கு வர்றவங்க ஏரியில போட் விட்டதும் கிளம்பிடாதீங்க. கிரவுண்டு பக்கம் வாங்க. எங்களுக்கு ஒரு லெஃப்ட் பேக் தேவை, வலை கட்டத் தெரிஞ்சா இன்னும் நல்லது.