நந்தனுக்கு நெருப்பு... கிந்தனுக்கு ரயில்! என்.எஸ்.கே. நடத்திய ‘மியூசிக்கல் ஷோ’வின் கதை

இன்று ஒரு சூப்பர் ஹீரோ கதையை மேடையில் லைவ்வாகச் சொல்ல பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, எல்இடி ஸ்கிரீன், சவுண்ட் எஃபெக்ட்ஸ் எல்லாம் தேவைப்படுது. இதில் பாதிக்கும் மேல் தன் குரலையும் முகத்தையும் வைத்தே செய்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். நிகழ்ச்சியின் பெயர் ‘கிந்தனார்’.

அது கதாகாலட்சேப வடிவம். ஒருவர் நின்று கதை சொல்வார், பாடுவார், எல்லாப் பாத்திரங்களாகவும் மாறுவார். பக்கவாத்தியமும் பின்பாட்டும் கூடவே வரும். பொதுவாகப் பக்திக் கதைகளுக்கான மேடை. அதில் பிரபலமானது நந்தனார் சரித்திரம்.

நந்தனின் ஊர் ஆதனூர். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம்தான் என்பார்கள். பூவராக சுவாமி கோயிலுக்குப் பெயர்போன ஸ்ரீமுஷ்ணம் அடுத்த வட்டாரம். அங்கிருந்து சிதம்பரம் ஒன்றும் எட்டாத தூரம் இல்லை. ஆனால் பண்ணையில் வேலை செய்த, தீண்டத்தகாதவன் என ஒதுக்கப்பட்ட நந்தனுக்கு அது எட்டவில்லை. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்றே நாள் கழிந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர் வந்தது. கடைசியில் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதைக் கீர்த்தனைகளாகப் பாடி ஊரெல்லாம் பரப்பினார்.

என்.எஸ்.கே. இந்தக் கதையின் அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததை மாற்றினார். கிந்தன் ஏங்குவது படிப்புக்காக. கிராமத்தில் அவமானம்தான் மிச்சம். பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறான். புகையும் சக்கரச் சத்தமுமாக ரயில் வரும் பாட்டுதான் இதில் ஹைலைட். ரயிலைப் பார்க்காத ஆளும் தாளத்திலேயே பார்த்துவிடலாம். (ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் ரயில் பிடிக்க இன்றும் விருத்தாசலம் ஜங்ஷன் மாதிரி வெளியூர்தான் போகணும்.) படித்து முடித்து, பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராகத் திரும்புகிறான் கிந்தன். நெருப்பும் இல்லை, அற்புதமும் இல்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, ஆனால் விஷயம் சாதி.

இதைச் சொன்னவர் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தார். வீட்டில் வறுமை. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் நடிகரானார். வில்லுப்பாட்டும் கைவசம் இருந்தது. 1930-களில் சினிமாவுக்கு வந்து, டி.ஏ.மதுரத்துடன் ஜோடி சேர்ந்தார். நிஜ வாழ்க்கையிலும் தம்பதி ஆனார்கள். நாயகன் யாராக இருந்தாலும் இவர்கள் காமெடிக்கென்றே கூட்டம் வந்தது.

உச்சத்தில் இருந்தபோதுதான் அடி விழுந்தது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், 1944 டிசம்பரில் எம்.கே.தியாகராஜ பாகவதருடன் கைதானார். ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடி விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 1947-ல் இருவரையும் விடுவித்தது. இடையில் இரண்டு வருஷத்துக்கும் மேல் சிறை. மதுரம்தான் வெளியே நாடகக் குழுவையும் வழக்குச் செலவையும் சுமந்தார். பாகவதரின் சினிமா மார்க்கெட் அதற்குப் பிறகு எழவே இல்லை.

என்.எஸ்.கே. எழுந்தார். அண்ணா திரைக்கதை எழுதிய ‘நல்லதம்பி’ 1949-ல் வந்தது. அதில்தான் கிந்தனார் காலட்சேபம் படமாகவும் பதிவானது. நேரில் பார்க்காத தலைமுறைக்கும் அது கிடைத்தது அதனால்தான். பழைய பிரின்ட்தான், ஒலியும் சுமார்தான். ஹெட்போன் போட்டுக் கேட்டால் ரயில் இன்னும் ஓடும்.

அடுத்தடுத்து ‘மணமகள்’, ‘பணம்’ என்று படங்களை இயக்கவும் செய்தார். சம்பாதித்ததைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கடைசி நாட்களில் கையில் பெரிதாக எதுவும் இல்லை. 1957 ஆகஸ்ட் 30-ல் இறந்தபோது வயது 48.

சென்னை வாலாஜா சாலையில் அவர் பெயரில் இருக்கும் கலைவாணர் அரங்கம், முன்பு பாலர் அரங்கம்.